காதில் இருந்த வயர்

அந்தச் சைக்கிள்காரரைத் திட்டாதீங்க அண்ணாச்சி. காதுல வயரு தொங்குச்சுன்னா பாட்டுதான் கேக்காருன்னு எப்படிச் சொல்லுதீக? ஓடுற பஸ்ல இருந்து ஜன்னல் வழியா ஒரு நொடி பாத்தீக. அதுக்குள்ள 'இவனெல்லாம் அடிபட்டாத்தான் திருந்துவான்'னுட்டீக. உங்களைக் குத்தம் சொல்லல. நானும் அப்படிப் பாத்தவந்தான். நீங்க வாயால சொன்னதோட விட்டுட்டீக, நான் பேப்பர்ல போட்டுட்டேன்.

தென்காசிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. தூக்கம் வந்தா சொல்லுங்க, நிறுத்திக்கிடுதேன்.

எம்பேரு தளவாய். ஒரு தினசரிப் பேப்பருக்கு நிருபர். பேப்பர் பேரு வேண்டாம், விடுங்க. பகுதி நேரம்தான். ஆனா பத்தொம்பது வருசமா எங்க ஊரும் சுத்துப்பட்டு முப்பது கிராமமும் எங்கையிலதான் இருக்கு. கோயில் கொடை, காலிக் குடத்தோட மறியல், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஆக்சிடெண்ட். ஆக்சிடெண்ட்னா பாதிக்குப் பாதி சைக்கிள்காரங்கதான். அதுக்கு எங்கிட்ட ரெண்டு அச்சு உண்டு. 'திடீரென குறுக்கே புகுந்ததால்' ஒண்ணு. 'நிலைதடுமாறி' இன்னொண்ணு. ஊரையும் பேரையும் மாத்தி அனுப்பிருவேன். டிரைவர் ஒண்ணு சொல்லுவான், கண்டக்டர் அதையே சொல்லுவான், போலீஸ் அதை எழுதும், நான் போலீசைப் பாத்து எழுதுவேன். செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லப் போறானா? எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல. நிசமாத்தான் சொல்லுதேன், தெரியல.

போன ஐப்பசியில ஒரு நாள். ராத்திரி பூரா மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. காலையில எட்டேகால் இருக்கும், மேலக்கரை விலக்குல, அதான் ஊருக்கு ரோடு பிரியுற எடத்துல, சைக்கிளும் பஸ்சும் மோதி ஒருத்தர் காலின்னு போன். ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனேன். போகையில போலீஸ்ல ஏட்டு சண்முகவேல் மட்டும்தான் வந்து நிக்காரு. டிரைவர் ஓடிட்டான். தனியார் பஸ்சு, ஓரமா நிக்குது. ஆளு ரோட்டோரத்துல குப்புறக் கெடக்காரு, யாரோ துண்டைப் போட்டு மூடியிருக்காவ. துண்டுக்கு வெளிய காது மட்டும் தெரியுது. காதுல இருந்து ஒரு வயரு, கழுத்து வழியா சட்டைக்குள்ள போகுது.

அந்நேரம் ஆபீஸ்ல இருந்து போன். "தளவாய், மத்தவன் எல்லாம் போட்டுட்டான். நம்ம வெப்சைட்ல இன்னும் ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிசத்துல நாலு வரி அனுப்பு." அஞ்சு நிமிசம் அண்ணாச்சி. அதுல பேரு கேக்கணும், வயசு கேக்கணும், போட்டோ எடுக்கணும். நின்ன இடத்துல கட்டை விரலால அடிச்சு அனுப்பினேன். என்ன அனுப்பினேன்னு இப்பவும் மனப்பாடமாச் சொல்லுவேன். 'மேலக்கரை விலக்கு அருகே காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி சைக்கிளில் சென்ற கொம்பையா (54), திடீரென சாலையின் குறுக்கே புகுந்ததால் தனியார் பஸ் மோதி பரிதாபமாக உயிரிழந்தார். போலீசார் விசாரிக்கின்றனர்.'

ஹெட்போன் இருந்ததால அது பெரிய செய்தி ஆயிட்டு. சும்மா சைக்கிள்காரர் செத்தா பதினோராம் பக்கத்துல ஒரு ஓரம். இது மறுநாள் மூணாம் பக்கம், நாலு பத்தி அகலத்துக்கு, நான் எடுத்த போட்டோவோட. நொறுங்கின சைக்கிள், பக்கத்துல ஒரு செருப்பு. டிவிக்காரன் என் செய்தியை எடுத்து 'செல்போனில் பேசியபடி சென்றவர்'னு போட்டான். ஹெட்போன்னா செல்போன், செல்போன்னா பேச்சு. சாயங்காலம் வாட்ஸப்புல வருது, 'யாருகிட்ட பேசிட்டுப் போனான்'னு. நான் பேச்சுன்னு எழுதவே இல்ல, அதைக் குறிச்சுக்கிடுங்க. நான் எழுதுனது பாட்டு.

அப்புறம் விலக்குல ஒரு பேனர் வச்சாவ. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு. என் போட்டோவையே பெருசாப் போட்டு, 'பாட்டு முக்கியமா? உயிர் முக்கியமா?'ன்னு செவப்பு எழுத்துல. இன்ஸ்பெக்டர் வந்து திறந்து வச்சாரு. அந்த விழாவுக்கும் செய்தி நாந்தான். ஒரு சங்கத்துக்காரவ எனக்குச் சால்வை போட்டு ஷீல்டு குடுத்தாவ. அது இன்னும் வீட்ல ஷோகேஸ்ல இருக்கு. எம்பொஞ்சாதி ஆவுடை எடுத்துருங்கன்னு சொல்லுதா. பத்தொம்பது வருச உழைப்புக்குக் குடுத்தது, இந்த ஒரு செய்திக்காக மட்டுமா குடுத்தாவ? எதுக்கு எடுக்கணும்?

பதினாறாம் நாள் விசேசம் முடிஞ்ச மறுநாள் அந்தப் பொம்பளை வீட்டுக்கு வந்தா. கொம்பையா பொஞ்சாதி. பேரு பிரமு. பீடி சுத்துறவ. நான் அழப் போறான்னு நெனச்சேன். நம்ம வீட்டுக்கு வாறவங்க ஒண்ணு அழுவாவ, இல்ல ஏசுவாவ. இவ ரெண்டும் இல்ல. ஆவுடை சேர் போட்டா, உக்காரல. மடியில இருந்து ஒரு கவரை எடுத்தா. அதுக்குள்ள தீப்பெட்டி அளவுல ஒரு டப்பா, ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. அதுல இருந்து வயரு, வயரு முனையில காதுல சொருகுற குமிழ். டப்பா மேல சர்க்கார் ஸ்டிக்கர்.

"அண்ணாச்சி, இது ஹெட்போன் இல்ல. காது மெஷினு."

நான் கையில வாங்கிப் பாத்தேன்.

"அவுகளுக்குக் காது கேக்காது. இருவத்தி ரெண்டு வருசமா மர அறுப்பு மில்லுல வேலை. அந்தச் சத்தத்துல போனது. ஹாரன் அடிச்சாக் கேக்காது. தெனமும் ஏழு கிலோமீட்டர் சைக்கிள்ல போகணும், தெனமும் சாயங்காலம் நான் வாசலைப் பாத்துட்டே இருப்பேன். ஹாரன் கேக்கணும்னுதான் முகாமுக்குக் கூட்டிட்டுப் போயி இதை வாங்குனோம். மாட்டமாட்டேன்னாவ. லோகத்துச் சத்தம் பூராம் உள்ள வருதுன்னாவ. நாந்தான் சண்டை போட்டு மாட்டி விட்டது. அன்னைக்குக் காலையிலயும் நாந்தான் மாட்டி விட்டேன்."

"போலீஸ்ல சொன்னாவ தாயி, அதைத்தான் போட்டேன்"னேன்.

அவ நிறுத்தல. "அவுகளுக்கு நாப்பத்தி நாலு. நீங்க அம்பத்தி நாலுன்னு போட்டிருக்கீக. குறுக்கே புகுந்தாருன்னு போட்டிருக்கீக. எப்படிப் புகுந்தாரு? பின்னால மட்கார்டும் பின் சக்கரமும்தான் நசுங்கிக் கெடக்கு. முன் சக்கரத்துல ஒரு கம்பி வளையல. குறுக்க போயிருந்தா பஸ்சு பின்னால எப்படி இடிக்கும்? இது நான் கண்டுபிடிச்சது இல்ல. நீங்க எடுத்த போட்டோவுலதான் இருக்கு. அந்தப் பேனர்லயும் இருக்கு."

அண்ணாச்சி, அந்தப் போட்டோவை நான் நூறு தடவை பாத்திருப்பேன். செருப்பு நல்லா விழுந்திருக்குன்னு பாத்திருக்கேன். சக்கரத்தைப் பாக்கல.

பொறவு இன்னொரு காயிதத்தை எடுத்தா. பேப்பர் கட்டிங்கு. 'மாற்றுத்திறனாளிகளுக்குக் காது கேட்கும் கருவி வழங்கும் விழா.' நாலு அதிகாரிங்க நடுவுல நிக்காவ. ஓரத்துல ஒரு ஆளு, கையில டப்பாவை வச்சுட்டு என்ன செய்யன்னு தெரியாம சிரிக்காரு. கொம்பையா. "இதுவும் நீங்க எழுதுனதுதான்"னா. ஆமா, நான் எழுதுனதுதான். போட்டோவும் நான் எடுத்ததுதான். ஆக்சிடெண்டுக்குப் பதினெட்டு நாளைக்கு முந்தி. ஒரு முகாம்ல நாப்பது அம்பது பேரு வருவாவ, எல்லா மொகத்தையுமா ஞாபகம் வைக்க முடியும்? அதிகாரி பேரு தப்பா வந்தாத்தான் எனக்குப் போன் வரும். அவங்க பேரைத்தான் கவனமாக் கேப்பேன். யாரா இருந்தாலும் அப்படித்தான.

"என்ன செய்யணும் தாயி?"ன்னு கேட்டேன்.

"பாட்டு இல்லன்னு போடுங்க. போன்ல பேசலன்னு போடுங்க. அவ்வளவுதான். அவுக அக்கா எங்க வீட்டுக்கு வாறதை நிறுத்திட்டாவ. 'யாருகிட்டப் பேசிட்டுப் போனான், உனக்குத் தெரியாமயா இருக்கும்'னு எங்கிட்டயே கேக்காவ. காது கேக்காதவரு யாருகிட்டப் பேசுவாரு அண்ணாச்சி?"

அன்னைக்கே ஆபீசுக்குப் போன் போட்டேன். நான் போடாம இருக்கல. அங்க செய்தி ஆசிரியர் ஒருத்தர், நல்ல மனுசன். முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, "கேஸ் நடக்குது தளவாய். நம்மளே தப்புன்னு போட்டா நாளைக்கு பஸ்காரன் வக்கீல் நம்மளை இழுப்பான். வயசு மட்டும் திருத்திருவோம்"னாரு. மூணாம் நாள் வந்துச்சு. கட்டம் கட்டி ரெண்டு வரி. 'கொம்பையா வயது 44 எனத் திருத்தி வாசிக்கவும்.' பத்தொம்பது வருசத்துல எங்க பேப்பர்ல ஒரு சைக்கிள்காரருக்காகத் திருத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. நான் பேப்பரை எடுத்துட்டு நேரா அவ வீட்டுக்குப் போயிக் குடுத்தேன். வாசிச்சா. மேலயும் கீழயும் பாத்தா. திருப்பிப் பின் பக்கமும் பாத்தா. முறத்துல பீடியைக் கட்ட ஆரம்பிச்சுட்டா. எனக்குச் சங்கடமாப் போச்சு. ஒரு நன்றி எதிர்பார்க்கக் கூடாதா?

அதுக்கப்புறம் அவ பீடிக் கம்பெனிக்கு விலக்கு வழியாப் போறதில்ல. கால்வாய்க் கரையைச் சுத்திப் போறா. அது அரை மைல் கூட. கால்வாய்ல தண்ணி போனா சகதி. ஆவுடைதான் பாத்துட்டு வந்து சொன்னா. "உங்க போட்டோவைப் பாக்கப் பயந்துட்டுத்தான் அவ சுத்திப் போறா"ன்னா. என் போட்டோ இல்ல, பேனர்னேன். ரெண்டும் ஒண்ணுதானன்னா.

சரின்னு ஸ்டேசனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டரைப் பாத்து, அந்தப் பேனரை எடுத்துரலாமேன்னேன். அவரு, "பேப்பர்ல வந்ததை வச்சுத்தான வச்சோம். பேப்பர்ல மாத்திப் போடுங்க, எடுத்துருதோம்"னாரு. ஆபீஸ்ல கேட்டா, போலீஸ் மாத்திச் சொன்னாத்தான் மாத்துவோம்ங்காவ. ரெண்டுக்கும் நடுவுல நான் பந்து மாதிரி அலையுதேன். கோவம் வந்துட்டு. வெளிய வந்து ஏட்டு சண்முகவேல்கிட்டக் கத்தினேன். "நீங்க ஹெட்போன்னு சொன்னதாலதான இவ்வளவும்?"

அவரு டீ குடிச்சுட்டு இருந்தாரு. கிளாசைக் கீழ வச்சுட்டு, "நான் எங்கய்யா சொன்னேன்?"னாரு. "நீரு தூரத்துல நின்னு 'காதுல என்ன ஏட்டையா, ஹெட்போனா?'ன்னு கேட்டீரு. நான் 'இருக்கும்'னேன். அவ்வளவுதான் நம்ம பேச்சு."

அண்ணாச்சி, நான் அங்கேயே நின்னு யோசிச்சுப் பாத்தேன். கையில போன். ஆபீஸ்ல அஞ்சு நிமிசம்ங்காவ. ஏட்டு குனிஞ்சு டேப்பு பிடிச்சு ரோட்டை அளக்காரு. நான் ஒரு பத்தடி தூரத்துல இருந்து கேக்கேன். ஆமா. கேட்டது நாந்தான். அந்த வார்த்தை எவன் வாயிலயும் இல்ல அன்னைக்கு. டிரைவர் ஓடிட்டான், கண்டக்டர் வாந்தி எடுத்துட்டு இருந்தான், கூடி நின்னவங்க பேசவே இல்ல. நாந்தான் கேட்டேன். அவரு இருக்கும்னாரு. நான் 'போலீசார் தெரிவித்தனர்'னு எடுத்துக்கிட்டேன். இதுல ஏட்டு மேலயும் தப்பு உண்டுல்லா? அவரு பக்கத்துல போயிப் பாத்திருக்கலாம்லா?

பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணி. சந்தை நாள், நல்ல கூட்டம். போன் வந்துச்சு, "அண்ணாச்சி, விலக்குல ஒரு பொம்பளை பேனரை அறுக்கா, ஓடி வாங்க"ன்னு. போய்ப் பாத்தா பிரமு. டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு மேல ஏறி நிக்கா. கையில கத்தரி. ஒரு பக்கக் கயித்தை ரெண்டு இடத்துல அறுத்தாச்சு, பேனர் மடங்கித் தொங்குது. சுத்தி அம்பது பேரு, அம்பது போனு. ஒரு பய, "பாட்டுக் கேட்டுச் செத்தான்லா, அவன் பொண்டாட்டி"ங்கான். இன்னொருத்தன், "மண்டை கலங்கிட்டு போலுக்கு"ங்கான். ஏட்டு கீழ நின்னு, "இறங்கும்மா, விழுந்துருவ, இறங்கு"ன்னு கெஞ்சுதாரு. பாவம், அவருக்கும் கையைப் பிடிச்சு இழுக்க மனசு வரல.

என்னைப் பாத்ததும் கூட்டத்துல ஒருத்தன், "நிருபர் வந்துட்டாரு, வழி விடுங்க"ன்னான். அவ திரும்பிப் பாத்தா.

"எழுதப் போறீகளா அண்ணாச்சி?"

தலையை ஆட்டினேன்.

"எழுதறதா இருந்தாக் கேட்டு எழுதுங்க. நோட்டை எடுங்க."

போனைப் பையில போட்டுட்டு நோட்டை எடுத்தேன். நோட்டுல எழுதியே ரொம்ப நாளாச்சு.

"எம்பேரு பிரமு. புருசன் பேரு கொம்பையா. எனக்கு முப்பத்தொம்பது வயசு. எங்கையில இருக்கது பீடி இலை வெட்டுற கத்தரி, வேற ஆயுதம் இல்ல. எனக்குப் பைத்தியம் இல்ல. யாரும் என்னைத் தூண்டி விடல. எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன் தாயி."

"எம்புருசன் காதுல இருந்தது காது மெஷினு. ஹாரன் கேக்கதுக்காக வாங்குனது. அவுக ரோட்டு ஓரமாப் போனாவ. பஸ்சு பின்னால வந்து இடிச்சுது. எழுதுங்க."

சந்தையில எலுமிச்சம்பழம் விக்கிறவன் குரல் மட்டும் கேக்குது. நான் எழுதுதேன்.

"வாசிங்க"ன்னா.

வாசிச்சேன். அம்பது பேருக்கு முன்னால நடு ரோட்டுல நின்னு, பள்ளிக்கூடத்துல வாசிக்கிற மாதிரி வாசிச்சேன். கடைசியில நானா ஒரு வரி சேத்திருந்தேன், 'விழிப்புணர்வு பேனரைக் கிழித்தார்'னு. அதைக் கேட்டதும் கையைக் காட்டி நிறுத்தினா.

"கிழிக்கல. கயித்தை அறுத்தேன். பாருங்க, துணி முழுசா இருக்கு."

ஆமா, முழுசாத்தான் இருந்துச்சு. அடிச்சுட்டு, கயித்தை அறுத்தார்னு எழுதினேன். மறுபடி வாசிச்சேன். சரின்னா. இறங்கப் போறான்னு நெனச்சேன். இறங்கல.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அந்த ஹெட்போன்ங்கிற வார்த்தையை முதல்ல யாரு சொன்னதுன்னு எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க. நான் நாலஞ்சு மாசமாக் கேட்டுட்டேன், யாரும் சொல்லமாட்டேங்காவ. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

ஏட்டு என்னைப் பாத்தாரு. நான் நோட்டைப் பாத்தேன். பேனா முனை காயிதத்துல தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. எம்பேரு நாலே எழுத்து. எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

"விசாரிச்சு எழுதுதேன் தாயி"ன்னேன்.

ஏட்டு தொப்பியைக் கழத்தித் தலையைத் துடைச்சாரு. அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவால்ல. பொறவு கத்தரியைப் பிடி இருக்க பக்கமாத் திருப்பி ஏட்டுகிட்டக் குடுத்துட்டு ஸ்டூலை விட்டு இறங்கினா. ஸ்டூலை எடுத்துக் கடைக்காரர்கிட்டச் சேத்தா. "போலாம்"னா. ஏட்டுக்கு முன்னால அவதான் நடந்து போனா.

சாயங்காலமே ஸ்டேசன்ல அவளை எச்சரிச்சு விட்டுட்டாவ. பேனரை மறுபடி யாரும் கட்டல, அது ஸ்டேசன் பின்னால மழைத் தண்ணிக்கு மறைப்பாக் கெடக்கு. நான் எழுதுனதை ஒரு வார்த்தை மாத்தாம ஆபீசுக்கு அனுப்பினேன். "இது செய்தியாய்யா, மனு மாதிரி இருக்கு"ன்னுட்டாவ. வரல. மத்த பேப்பர் ரெண்டுல வந்துச்சு. ஒண்ணுல 'மனநலம் பாதித்த பெண்', இன்னொண்ணுல வயசு அம்பத்தி ரெண்டு.

அதுல இருந்து சைக்கிள் செய்தி எது வந்தாலும் சக்கரத்தைப் பாக்கேன், எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு பாக்கேன், வீட்ல போயி வயசு கேக்கேன். நாலு வரிக்கு அரை நாள் ஆகுது. ஆபீஸ்ல ஏசுதாவ, மத்தவன் முந்திக்கிடுதான். இவ்வளவும் செய்தேன் அண்ணாச்சி. அந்த ஒரு வரிதான் எழுதல. நோட்டு இந்தா பையிலதான் இருக்கு. அவ சொன்னது பூராம் இருக்கு, கடைசி வரிக்கு இடம் விட்டிருக்கேன்.

அவளைத் தெருவுல பாப்பேன். இப்ப விலக்கு வழியாத்தான் போறா. பாத்தா, "விசாரிச்சாச்சா அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேக்கா. "விசாரிச்சுட்டே இருக்கேன் தாயி"ங்கேன். போயிருதா.

நீங்க வெளியூரு. எங்க ஊரும் உங்களுக்குத் தெரியாது, அவளையும் தெரியாது. அதான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்.